ஹாட் ராட்: 1932 ஃபோர்டை அறுத்து ஒட்டுவது எப்படி?

யூடியூப்ல இந்த மாதிரி வீடியோ ஒண்ணாவது பார்த்திருப்பீங்க. கொட்டகையில் இருந்து துருப்பிடித்த பழைய கார் ஒண்ணு வெளியே வரும். பொறி பறக்கும், கூரையை அறுப்பாங்க, பெரிய இன்ஜின் ஒண்ணு உள்ளே இறங்கும். கடைசியில் பக்கவாட்டில் தீக்கொழுந்து வரைந்த பளபள வண்டி உறுமிக்கிட்டுக் கிளம்பும். மொத்தமே பத்து நிமிஷம். அதுக்குப் பேர்தான் ஹாட் ராட்.

அந்தப் பத்து நிமிஷத்தில் காட்டாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு பார்ட்டைக் கழட்டும்போதும் கட்டுறவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கணும்: இந்தப் பார்ட் இதுவரைக்கும் என்னென்ன வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சு? பழைய கார்ல ஒரே பார்ட் ரெண்டு மூணு வேலையைச் சத்தமில்லாம செய்யும். அது தெரியாம கழட்டினா வண்டி ஸ்டார்ட் ஆகும், ஷோவில் நிற்கும், ரோட்டில் ஆளைக் கொல்லும். அதனால இந்தக் கட்டுரையில் பெயிண்ட், லெதர் சீட் பத்தியெல்லாம் எதுவும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கப் போறோம்.

முதல்ல ஊர்க்கதை கொஞ்சம். 1932-ல் ஹென்றி ஃபோர்டு ஒரு வேலை செய்தார். அதுவரை பணக்காரங்க காரில் மட்டும் இருந்த வி8 இன்ஜினை, சாதாரண ஆள் வாங்கக்கூடிய காரில் போட்டார். 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். பத்து வருஷத்தில் அந்தக் கார்கள் செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்க ஆரம்பிச்சது. தெற்கு கலிஃபோர்னியாவில் முரோக், எல் மிராஜ் மாதிரி காய்ந்த ஏரிப் படுகைகள் மைல் கணக்கில் தட்டையா கிடக்கும். பசங்க வார இறுதியில் அங்கே வண்டியைக் கொண்டு போய், மட்கார்டைக் கழட்டிப் போட்டுட்டு, எவ்வளவு வேகம் போகுதுன்னு பார்ப்பாங்க. 1937-ல் இந்த கிளப்புகள் சேர்ந்து தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவாச்சு. போர் முடிந்ததும் ராணுவத்தில் மெக்கானிக் வேலையும் வெல்டிங்கும் கத்துக்கிட்டு வந்த இளைஞர்களால் இது பெருசாச்சு. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது, 1949-ல் பான்வில் உப்புப் படுகையில் முதல் ஸ்பீட் வீக் நடந்தது. ஆக இது ஆரம்பத்தில் அழகுப் போட்டியே இல்லை, ஸ்டாப்வாட்ச் சம்பந்தப்பட்ட விஷயம்.

மட்கார்டு இல்லாத அந்த 1932 ஃபோர்டு இன்னைக்கும் ஹாட் ராட் உலகத்தின் அடையாளம். 1973-ல் வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தில் வரும் மஞ்சள் கூபே அதுதான். நாமும் அதையே கேஸ் ஸ்டடியா எடுத்துக்கலாம்.

கூரையை அறுப்பது

பாடி வேலையில் மூணு வார்த்தை தெரிஞ்சிருக்கணும். சாப்பிங்னா கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் வெட்டி எடுத்துக் கூரையைக் கீழே இறக்குறது. சேனலிங்னா தரைத் தகட்டை அறுத்து, மொத்த பாடியையும் சேஸிஸ் சட்டத்துக்கு மேலே உட்காராம, அதைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி கீழே இறக்குறது. செக்‌ஷனிங்தான் ரொம்பக் கொடுமை: பாடியின் நடு இடுப்பில் சுத்தி ஒரு பட்டையையே வெட்டி எடுத்துட்டு, மேல் பாதியையும் கீழ் பாதியையும் சேர்த்து ஒட்டணும். இதில் ரெண்டு மூணை ஒரே வண்டியில் செய்தாத்தான் 'ராடிகல்' என்ற பேர் ஒட்டும்.

சாப்பிங் ஒரு நல்ல ஜியாமெட்ரி கணக்கு. தூண் நேர் செங்குத்தா நின்னா பிரச்சினையே இல்லை. 100 மில்லிமீட்டர் வெட்டி எடுத்தா மேல் துண்டு கீழ் துண்டு மேல சரியா உட்காரும். ஆனா தூண் செங்குத்தில் இருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தா? 100-ஐ டேன் 30-ஆல் பெருக்குங்க, 58 வரும். அதாவது கூரை நேரா கீழே இறங்கும்போது மேல் தூண் கீழ்த் தூணை விட்டு 58 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். இதைச் சரிசெய்ய ரெண்டே வழி. தூணை அடியில் கீறி இன்னும் சாய்க்கணும், இல்லைனா கூரையையே குறுக்கே வெட்டி நடுவில் தகடு சேர்த்து நீட்டணும்.

1932 ஃபோர்டின் முன் கண்ணாடி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், கண்ணாடியும் தட்டை. அதனால சாப்பிங் பழக அது நல்ல வண்டி. 1949-51 மெர்குரி கார் அப்படி இல்லை. தூண் சாய்ந்திருக்கும், கூரை எல்லா திசையிலும் வளைஞ்சிருக்கும். பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் உருவான 'ஹிரோஹாட்டா மெர்க்' என்ற 1951 மெர்குரியைப் படத்தில் பார்த்தீங்கன்னா, நடுத்தூணே இல்லாம, கண்ணாடியைச் சுற்றி ஒரே வளைவா ஓடும். அதுக்குப் பின்னால எவ்வளவு அறுவை நடந்திருக்கும்னு இந்த 58 மில்லிமீட்டர் கணக்கு தெரிஞ்சாத்தான் புரியும். (சுத்தமா பேசுறவங்க அதை ஹாட் ராட்னு சொல்ல மாட்டாங்க, 'கஸ்டம்'னு சொல்வாங்க. ராட் வேகத்துக்கு, கஸ்டம் தோற்றத்துக்கு. இன்னைக்கு ரெண்டும் கலந்து போச்சு.) நம்ம ஊர் டிங்கர் பட்டி பார்க்குற மாதிரி, அந்தக் காலத்தில் அவங்க வெல்டு தையலை ஈயம் உருக்கிப் பூசி மறைச்சாங்க. வண்டி கனமாயிடும். அதனாலதான் இந்த மாதிரி கார்களுக்கு 'லெட் ஸ்லெட்', ஈயச் சறுக்குவண்டினு கிண்டல் பேர்.

சாப்பிங்கில் ஒரு சின்ன மெட்டீரியல்ஸ் பாடமும் உண்டு. லேமினேட்டட் கண்ணாடியைக் கீறி அளவுக்கு வெட்டலாம். டெம்பர்டு கண்ணாடியை வெட்ட முடியாது. அதன் மேற்பரப்பில் அமுக்க அழுத்தமும் உள்ளே இழு அழுத்தமும் சமநிலையில் இருக்கு. அதைக் கீறினதும் மொத்தமும் பொடிப்பொடி.

சட்டம்: 750 மடங்கு

இப்போ அடியில் படுப்போம். பழைய சேஸிஸின் பக்கச் சட்டங்கள் ரெண்டும் 'ப' எழுத்தைப் படுக்கப்போட்ட மாதிரி, ஒரு பக்கம் திறந்த சேனல். 65 குதிரைத்திறனுக்கு அது போதும். 300 குதிரைத்திறன் இன்ஜினைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, சட்டம் முறுக்கிக்கும். அதனால திறந்த பக்கத்தில் தகடு வச்சு மூடி வெல்டு பண்ணி, பெட்டி மாதிரி ஆக்குவாங்க. இதுக்கு 'பாக்ஸிங்'னு பேர்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? ஒரு உதாரண அளவு எடுத்துக்கலாம்: உயரம் 150 மில்லிமீட்டர், அகலம் 50, தகட்டு கனம் 3. திறந்த சேனலுக்கு முறுக்கு மாறிலி என்பது, மொத்த நீளம் 250-ஐ கனத்தின் கனமூலமான 27-ஆல் இல்லை, கனத்தின் மும்மடியான 27-ஆல் பெருக்கி மூணால் வகுக்கணும். (முதல் தடவை எழுதும்போது வார்த்தையைத் தப்பா போட்டேன், வெட்டாம விட்டுட்டேன். பரீட்சையில் நீங்களும் இங்கேதான் விழுவீங்க.) விடை 2,250. மூடின பெட்டிக்கு, உள்பரப்பு 7,500-இன் வர்க்கத்தை 4-ஆலும் கனம் 3-ஆலும் பெருக்கி, சுற்றளவு 400-ஆல் வகுக்கணும். விடை 16,87,500. வகுத்துப் பாருங்க, 750 மடங்கு!

நம்ப முடியலைன்னா டூத்பேஸ்ட் அட்டைப் பெட்டியை எடுத்து ரெண்டு முனையையும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க. பிறகு ஒரு ஓரத்தை மட்டும் நீளவாக்கில் பிளேடால் கீறிட்டு மறுபடி முறுக்குங்க. ஒரு கிராம் அட்டை கூட குறையலை, ஆனா துவண்டு போயிடும்.

ஆனா இதை வச்சு 'என் கார் 750 மடங்கு விறைப்பு'னு பீத்திக்கக் கூடாது. மொத்த சேஸிஸின் விறைப்பு ரெண்டு சட்டத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும், அந்த ஜாயிண்டுகளையும் பொறுத்தது. சட்டத்தை மட்டும் பெட்டியாக்கிட்டு நடுவில் ஒழுங்கான குறுக்குச் சட்டம் போடலைன்னா பாதி வேலைதான்.

இன்னொரு ஆபத்து வெல்டிங் சூடு. ஒரு முனையில் ஆரம்பிச்சு மறுமுனை வரை நேரா வெல்டு பண்ணிக்கிட்டே போனா, ஆறும்போது சுருங்கி சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும். அதனால சட்டத்தை மட்டமான மேஜையில் இறுக்கிக் கட்டி, ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் தள்ளி அங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம்னு தாவித் தாவிப் போடணும். நடுநடுவே ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப் வச்சு அளந்து சமமா இருக்கான்னு பார்க்கணும். பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த வேலை ஆகாது.

இன்ஜின்

ஃபோர்டின் அந்தப் பழைய வி8-க்கு 'ஃபிளாட்ஹெட்'னு பேர். வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். ஹெட் வெறும் தட்டை மூடி. மலிவா செய்யலாம், ஆனா மூச்சு விட சிரமம். ஒரு பக்கத்துக்கு நாலு சிலிண்டர், வெளியே வர மூணு எக்ஸாஸ்ட் துளைதான். நடுவில் இருக்கும் ரெண்டு சிலிண்டரும் ஒரே துளையைப் பகிர்ந்துக்கும். அதோட அந்தச் சூடான புகை, பிளாக்குக்குள்ளே தண்ணி ஓடும் இடத்தை ஒட்டியே வெளியே வரும். ரேடியேட்டர் ஏன் கொதிக்காது?

அந்தக் காலத்துப் பசங்க முதலில் செய்தது ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டுறது. ஸ்டாக் விகிதம் 5.5. ஐடியல் ஓட்டோ சைக்கிள் (நம்ம மூணு சக்கர ஆட்டோ இல்லை) கணக்குப்படி திறன் சுமார் 49 சதவீதம். விகிதத்தை 8 ஆக்கினா 56 சதவீதத்தைத் தாண்டும். காகிதத்தில் சூப்பர். ஆனா ஃபிளாட்ஹெட்டில் காற்று வால்வில் இருந்து பக்கவாட்டில் ஊர்ந்துதான் சிலிண்டருக்குப் போகணும். ஹெட்டைச் சீவச் சீவ அந்த வழியும் குறுகும். ஒரு கையில் கொடுத்ததை இன்னொரு கையில் பிடுங்கிக்கும். 1955-ல் செவ்ரோலே 265 கன அங்குல 'ஸ்மால் பிளாக்' வி8 கொண்டு வந்தது. வால்வுகள் ஹெட்டிலேயே இருக்கும் இன்ஜின். அதுக்கப்புறம் ஃபோர்டு பாடிக்குள்ள செவி இன்ஜின் என்பதே வழக்கமாச்சு. ஃபோர்டு பக்தர்கள் இன்னைக்கும் இதுக்குத் திட்டுவாங்க.

டார்க் டியூப்: யாரும் கவனிக்காத பார்ட்

எனக்கு இந்த வண்டியில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 1932 ஃபோர்டில் கியர்பாக்ஸில் இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் வெளியே தெரியாது, ஒரு கனமான குழாய்க்குள்ளே ஓடும். அதுதான் டார்க் டியூப். பார்த்தா ஷாஃப்டுக்கு உறை மாதிரி இருக்கும். புது கியர்பாக்ஸ் போடணும்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு திறந்த ஷாஃப்ட் போடணும். அதானே, உறைதானே?

இல்லை. சக்கரம் ரோட்டைப் பின்னால தள்ளும்போது, ரோடு ஆக்ஸிலை முன்னால தள்ளும். அந்தத் தள்ளலை வண்டிக்குக் கடத்துறது அந்தக் குழாய்தான். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது, நியூட்டன் மூணாம் விதிப்படி ஆக்ஸில் கூடு எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்துறதும் அதே குழாய்தான். நீளவாக்கில் ரெண்டு கட்டுப் பட்டை இருக்கும் வண்டின்னா அந்தக் கட்டாவது பிடிச்சு நிறுத்தும். 1932 ஃபோர்டில் இருப்பது குறுக்குவாக்கில் ஒரே ஒரு கட்டு. அதால இதைத் தடுக்கவே முடியாது. குழாயைக் கழட்டிட்டு வேற எதுவும் போடாம மிதிச்சா, ஆக்ஸில் அப்படியே உருண்டு, ஷாஃப்டைப் பிடுங்கி எறியும்.

எவ்வளவு விசைன்னு கணக்கு போடலாம். பின் சக்கரங்கள் மேல 600 கிலோ எடை, நல்ல அகல டயர், உராய்வு எண் 1.1, சக்கர ஆரம் 0.35 மீட்டர்னு வைங்க. டயர் வழுக்குறதுக்கு முன்னால ஆக்ஸிலில் வரக்கூடிய முறுக்கம் சுமார் 2,270 நியூட்டன் மீட்டர். இதைத் தாங்க 'லேடர் பார்'னு ஒரு முக்கோணக் கம்பி வைப்பாங்க. அதன் நீளம் 0.9 மீட்டர்னா, முன் முனையில் மொத்தமா சுமார் 2,500 நியூட்டன், கிட்டத்தட்ட 250 கிலோ தூக்கும் விசை. அந்த பிராக்கெட்டை மெல்லிய தரைத் தகட்டில் வெல்டு பண்ணினவன் கதி என்ன ஆகும்னு யோசிங்க. அது குறுக்குச் சட்டத்தில்தான் போய் நிற்கணும்.

கணக்கில் இன்னொண்ணு கவனிச்சீங்களா? இன்ஜின் எத்தனை குதிரைத்திறன்னு நாம கேட்கவே இல்லை. இன்ஜினுக்கு வலு இருக்கிற வரைக்கும், எல்லையைத் தீர்மானிக்கிறது டயரின் பிடிப்புதான். பழைய ஒல்லி டயர் ஒரு ஃபியூஸ் மாதிரி. அதிகமா மிதிச்சா வழுக்கிடும், ஆக்ஸில் தப்பிச்சிடும். அகல டயர் போட்ட அன்னைக்கு அந்த ஃபியூஸைப் பிடுங்கிட்டீங்க. அடுத்து உடையப்போறது ஆக்ஸில் ஷாஃப்ட் அல்லது கியர்.

குறுக்குக் கட்டைக் கழட்டிட்டு காயில் ஸ்பிரிங் போட்டா இன்னொரு வேலை பாக்கி நிற்கும். அந்தக் கட்டு பாரம் தாங்கினது மட்டுமில்லை, ஆக்ஸில் இடம் வலமா நகராமலும் பிடிச்சு வச்சிருந்துச்சு. காயில் அதைச் செய்யாது. அதுக்குத் தனியா பேன்ஹார்ட் ராடு வைக்கணும்.

முன்பக்கமும் இதே கதைதான். முன் ஆக்ஸிலைப் பிடிக்கும் 'விஷ்போன்' கம்பி ரெண்டு காலும் நடுவில் சேர்ந்து ஒரே புள்ளியில் முடியும். புது இன்ஜினுக்கு இடம் வேணும்னு அதைப் பிரிச்சு ரெண்டு காலையும் தனித்தனியா சட்டத்தில் மாட்டுவாங்க. இப்போ ஒரு சக்கரம் மட்டும் மேடு ஏறினா ஆக்ஸிலே முறுக்கிக்கணும். பழைய ஐ-வடிவ ஆக்ஸில் திறந்த வடிவம், கொஞ்சம் முறுங்கிக் கொடுக்கும். குரோம் பூசின குழாய் ஆக்ஸில் மூடிய வடிவம், கொடுக்காது. பிராக்கெட்டில் விரிசல் விடும். டூத்பேஸ்ட் பெட்டி இங்கேயும் வந்துடுச்சு பாருங்க. சட்டத்தில் வரமா இருந்த விறைப்பு இங்கே சாபம்.

நிறுத்தணுமே

1932 ஃபோர்டில் பிரேக் மெக்கானிக்கல். மிதியில் இருந்து கம்பிகள் வழியா டிரம்முக்குப் போகும். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறினதே 1939 மாடலில்தான். அதனால அந்த பிரேக்கை எடுத்து 1932 வண்டியில் போடுவது ஹாட் ராட் பசங்களின் முதல் மாற்றங்களில் ஒண்ணு.

1,000 கிலோ வண்டி மணிக்கு 65 மைலில் போகும்போது இயக்க ஆற்றல் சுமார் 420 கிலோஜூல். 120 மைலில் சுமார் 1,440. வேகம் ரெண்டு மடங்கு கூட ஆகலை, ஆற்றல் 3.4 மடங்கு. நாலு வார்ப்பிரும்பு டிரம்மும் சேர்த்து 32 கிலோன்னு வச்சா, ஒரே ஒரு முழு பிரேக்கில் அவ்வளவு இரும்பும் சராசரியா 100 டிகிரி சூடாகும். உரசுற பரப்பு அதைவிட அதிகம். ஆறவிடாம மூணு தடவை மிதிச்சா லைனிங் பிடிப்பு விட்டுப் போகும், மிதி மட்டும் காலுக்குக் கீழே இருக்கும். இன்னைக்குக் கட்டுறவங்க முன்பக்கம் டிஸ்க் போடுறது இதனாலதான். பழைய தோற்றம் வேணும்னு பிடிவாதமா டிரம்மே வைக்கிறவங்களை எனக்கு ரசிக்க முடியும், பக்கத்து சீட்டில் உட்கார முடியாது.

எதை அறுக்கலாம்?

இதில் ஒரு நிஜமான சண்டை இருக்கு. அறுக்காத, துருப்பிடிக்காத 1932 ஃபோர்டு பாடி இனி புதுசா பிறக்காது. அதை அறுத்தா திரும்ப ஒட்ட முடியாதுன்னு ரெஸ்டோர் பண்றவங்க சொல்றாங்க. அறுத்து அறுத்துத்தான் இந்தக் கலையே வந்ததுன்னு ராட் ஆளுங்க சொல்றாங்க. என் கட்சி முதல் பக்கம். இப்போ 1932 வடிவத்தில் புது இரும்பு பாடியும் ஃபைபர் கிளாஸ் பாடியும் கடையில் கிடைக்குது. முழுசா இருக்கும் ஒரிஜினலை விட்டுட்டு அதை அறுக்கலாம், இல்லைனா ஏற்கனவே யாரோ பாதி கெடுத்து வச்சதை எடுத்துக்கலாம்.

தாத்தாவோட அம்பாசடரைப் பார்த்துக் கை துறுதுறுக்குதா? நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறா வண்டியை மாற்றக் கூடாதுன்னு சொல்லுது. கியாஸ் கிட் மாதிரி அனுமதி பெற்ற மாற்றங்கள் தனி. கூரை அறுக்கிறது அதில் வராது.

அங்கே நல்ல பட்டறைகளில் வண்டியை ரெண்டு தடவை கட்டுறாங்க. முதல் தடவை பெயிண்டே இல்லாம, வெறும் இரும்பா. பிரேக் குழாய், வயரிங், ரேடியேட்டர் எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்ப்பாங்க. தெருவை மெதுவா ஒரு சுற்று சுற்றிட்டுத் திரும்பி வந்து, ஜாக்கியில் ஏத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானர் வச்சுத் தொட்டுப் பார்ப்பாங்க. ஸ்டியரிங்கைத் திருப்பினா டயர் எங்கே உரசியிருக்கு, எங்கே எண்ணெய் கசிஞ்சிருக்கு, எந்த பிராக்கெட் ஓரத்தில் மயிரிழை விரிசல்னு டார்ச் அடிச்சுத் தேடுவாங்க. சரி பண்ணிட்டு மறுபடி ஒரு சுற்று. அப்புறம் மொத்தமா கழட்டி, அதுக்கப்புறம்தான் பெயிண்டுக்கு அனுப்புவாங்க.